தாம்பத்திய ஆசை குறைந்தால் எந்த ரத்தப் பரிசோதனை, எந்த நேரத்தில்?

ஈரோட்டில் ஒரு சின்ன லேப் நடத்துகிறேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று வெறும் வயிற்றோடு ஆட்கள் நிற்பார்கள். அந்தக் கூட்டம் கலைந்து, பதினோரு மணி வாக்கில், டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல் ஒருவர் வருவார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, ஹார்மோன் டெஸ்ட் ஃபுல்லா எடுக்கணும்" என்பார். எதற்கு என்று கேட்டால் "உடம்பு அசதி", இல்லையென்றால் "நரம்புத் தளர்ச்சி மாதிரி இருக்கு". பெண்கள் இந்த அளவுக்குக்கூடச் சொல்வதில்லை. தைராய்டுக்குக் கையை நீட்டி, ஊசி உள்ளே போன பிறகு, "எதுலயும் மனசே ஒட்ட மாட்டேங்குதுங்க, அது இதனாலயா இருக்கும்?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார்கள்.

கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து வருகிறார்களே, அதிலேயே ஆண்களுக்கான முக்கியப் பரிசோதனை பாதி கெட்டுவிடுகிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். எந்த ரத்தத்தை எப்போது கொடுப்பது, அதற்கு முன் எதை நிறுத்துவது, டாக்டரிடம் எதை மறைக்காமல் சொல்வது, எந்தப் பேக்கேஜுக்குக் காசைக் கொட்டாமல் இருப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சங்கதி.

ஆசையா, விறைப்பா, வலியா

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். முதலில் பிரியுங்கள்.

ஆசை இருக்கிறது, விறைப்பு நிற்கவில்லை என்றால் அங்கே ஹார்மோனைவிட ரத்தக் குழாய்க்குத்தான் பங்கு அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் நான்கையும் பாருங்கள். ஆணுறுப்புக்குப் போகும் குழாய் இதயத்துக்குப் போகும் குழாயைவிட மெல்லியது. அதனால் அடைப்பு முதலில் அங்கே தெரிந்து, நெஞ்சு வலி சில ஆண்டுகள் கழித்து வருவது உண்டு. நாற்பது வயதுக்காரர் இந்தக் குறையோடு வந்தால் நான் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கு முன்னால் மூன்று மாதச் சர்க்கரை சராசரியான ஹெச்பிஏ1சி எடுக்கச் சொல்வேன். 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய், 5.7-லிருந்து 6.4 வரை அதன் வாசல்.

ஆசையே இல்லை, காலையில் எழும்போது தானாக வரும் விறைப்பும் குறைந்துவிட்டது என்றால் அப்போது ஹார்மோனைச் சந்தேகிக்கலாம். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு தெளிவாக ஒட்டிவந்த அறிகுறிகள் மூன்று: காலை விறைப்பு குறைவது, ஆசை குறைவது, உறவின்போது விறைப்பு வராமல் போவது. மூன்றும் சேர்ந்து, ரத்தத்திலும் அளவு குறைந்திருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள். "எனக்கு டெஸ்டோஸ்டிரோன் கம்மி" என்று யூடியூப் பார்த்து முடிவு கட்டிவிட்டு வரும் தம்பிமார்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

பெண்களில் "ஆசை இல்லை" என்று சொல்லப்படுவது பல நேரம் வலிக்குப் பயந்து ஒதுங்குவது. உறவின்போது எரிகிறது, காய்ந்துபோய் வலிக்கிறது என்றால் அடுத்த முறை உடம்பே பின்வாங்கும். அதை ஆசைக் குறைவு என்று எழுதிவைத்தால் வைத்தியம் வேறு பக்கம் போய்விடும்.

ரத்தத்துக்கு முன்னால் மாத்திரைப் பை

என் கவுண்டரில் நான் முதலில் கேட்பது, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" பதில் பெரும்பாலும் "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் வரும். கொஞ்சம் நோண்டினால், "கேஸ் மாத்திரை மட்டும்தாங்க, காலைல ஒண்ணு."

அந்தக் கேஸ் மாத்திரையில்தான் விஷயமே இருக்கிறது. பான்டோபிரசோல், ராபிபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மருந்து தனியாக இருந்தால் இந்தக் கதைக்குள் அதை இழுக்க வேண்டாம். ஆனால் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கேப்சூல்களில் பலவற்றில் அதோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே ப்ரோலாக்டினை ஏற்றிவிடும். ப்ரோலாக்டின் என்பது தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். ஆண்களுக்கும் கொஞ்சம் இருக்கும். அது கூடினால், விதைப்பைக்கும் சினைப்பைக்கும் மூளையிலிருந்து போகும் உத்தரவு அடங்கிவிடும். ஆணுக்கு ஆசையும் விறைப்பும் குறையும். பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், ஆசை போகும், சிலருக்குக் குழந்தை இல்லாமலே மார்புக்காம்பில் பால் கசியும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். மூன்று மாதமாக மாதவிடாய் ஒழுங்கில்லை, பிளவுஸில் ஈரம் படுகிறது, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே எரிச்சல். புற்றுநோயோ என்று பயந்துபோய், கண்ணில் தண்ணீரோடு வந்தார். ப்ரோலாக்டின் 82 இருந்தது. எங்கள் கருவியில் பெண்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வரை சரி. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். அட்டையின் பின்பக்கம், பொடி எழுத்தில், லெவோசல்பிரைடு 75 மில்லிகிராம். நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலை, வயிறு உப்புசம், யாரோ எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டிக் காட்டி ஒரு வருஷமாக வாங்கிப் போட்டிருக்கிறார். டாக்டர் அதை மாற்றிக்கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது 13. மூளை ஸ்கேன், அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே அட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்துப் பெரிய பெயர் எதற்கும் உதவாது. உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்ற வரிதான் வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவையும் ப்ரோலாக்டினை ஏற்றும். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலைன், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேறு வழியில் ஆசையையும் உச்சத்தையும் மந்தமாக்கும். அது ரத்த ரிப்போர்ட்டில் தெரியாது. முடி கொட்டுவதற்குப் போடும் ஃபினாஸ்டரைடு, நீர் பிரிய வைக்கும் ஸ்பைரனோலாக்டோன், வலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் ட்ராமடால், சில பழைய ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் பட்டியலில் உண்டு.

இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மனநல மாத்திரையையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால் ஆசையைவிடப் பெரிய வில்லங்கம் வரும். மனச்சோர்வே ஆசையைக் கொல்லும் என்பதால் மாத்திரை மேல் பழி போடுவதற்கு முன் யோசிக்கவும் வேண்டும். டாக்டரிடம் அட்டையை வைத்து, "இதுக்குப் பதிலா வேற இருக்குங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

ஆண்களுக்கு: பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில், இரண்டு முறை

டெஸ்டோஸ்டிரோன் விடிகாலையில் ஏறி நின்று, மாலைக்குள் இறங்கிவிடும். வயது குறையக் குறைய இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். சாப்பிட்டாலும் இறங்கும், சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு எடுத்தால் கால் பங்கு வரைகூடக் குறைந்து காட்டும். ஆகவே ஏழிலிருந்து பத்து மணிக்குள், தண்ணீர் தவிர எதுவும் குடிக்காமல் வாருங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் ஆறிய பிறகு வாருங்கள். முதல் நாள் இரவு குடித்திருந்தால், தயவுசெய்து இன்னொரு நாள் வாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காவிரிக்கு அக்கரையில் பள்ளிபாளையம், அப்புறம் குமாரபாளையம், எல்லாம் விசைத்தறி ஊர்கள். ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறவருக்குக் காலை எட்டு மணி என்பது தூங்கப் போகும் நேரம். அப்படி ஒருவர், முப்பது வயதுக்காரர், கல்யாணமாகி இரண்டு வருஷம். வேறெங்கோ மாலை ஐந்து மணிக்கு, பரோட்டா சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் 268, பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்புக்குறி. அந்தக் காகிதத்தைக் காட்டி, ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்திருந்தார். கையில் நடுக்கம், கண் உள்ளே போயிருந்தது. வாரத்தில் ஆறு ராத்திரி தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு, பகலில் நாலைந்து மணி நேரம்தான் தூக்கம். "தம்பி, ஒரு வாரம் பகல் ஷிப்ட் மாத்திக்க முடியுமா?" என்று கேட்டேன். முடியாது என்றார். சரி, விடுப்பு எடுத்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு, எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். இந்த முறை 431.

தூக்கம் வெறும் சமாதானத்துக்குச் சொல்வதில்லை. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு அமெரிக்காவில் பார்த்தார்கள்; பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறைந்தது. 2011-ல் வெளியான ஆய்வு அது. குறட்டை விட்டு, மூச்சு முட்டி எழுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பது பல டாக்டர்கள் கோடு போடும் இடம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஒரே ஒரு முறை அதற்குக் கீழே வந்தது என்பதற்காக எவரும் சிகிச்சை தொடங்கக் கூடாது. வேறொரு நாள் காலையில் மறுபடியும் எடுத்து, அதுவும் குறைந்திருந்தால்தான் குறைவு. தொப்பை இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் அவர்களுக்குக் குறைவாக இருக்கும். அதனால் மொத்த அளவு குறைந்து தெரியும், ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கு சரியாகவே இருக்கலாம். அளவு எல்லைக் கோட்டில் நின்றால் எஸ்ஹெச்பிஜி-யும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள்.

இரண்டாவது முறையும் குறைவு என்றால், அதோடு எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ப்ரோலாக்டின். ஏன் இந்த மூன்று? மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிதான் தறிப் பட்டறை மேஸ்திரி. தறி ஓடவில்லை என்றால் மேஸ்திரி சத்தம் போட வேண்டும். எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் அந்தச் சத்தம். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்ஹெச் ஏறியிருந்தால் கோளாறு விதைப்பையில். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியவர்கள், பிறவியிலேயே குரோமோசோம் கோளாறு உள்ளவர்கள் இந்த வகை. டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, எல்ஹெச்சும் ஏறவில்லை என்றால் மேஸ்திரியே தூங்குகிறார்: உடல் பருமன், சர்க்கரை, சில மாத்திரைகள், ப்ரோலாக்டின் கூடியது, எப்போதாவது பிட்யூட்டரியில் ஒரு சின்னக் கட்டி. ப்ரோலாக்டின் 200-ஐத் தாண்டினால், மாத்திரை காரணமில்லை என்றால், அந்தக் கட்டியைத்தான் முதலில் நினைப்பார்கள். கூடவே தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பயப்படவும் வேண்டாம், இந்த வகைக் கட்டியில் பெரும்பாலானவை கேபர்கோலின் என்ற மாத்திரைக்கே சுருங்கிவிடும், கத்தி வைக்க வேண்டியதில்லை.

ப்ரோலாக்டினுக்கு ஒரு குணம் உண்டு. பதற்றத்தில் ஏறும், தூக்கத்தில் ஏறும், உறவு கொண்ட பிறகும் ஏறும். ஆகவே எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து வந்து, இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்து கையை நீட்டுகிறவர்களை நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிடுவேன். லேசாகக் கூடியிருந்தால் அதை வைத்துத் திகிலடையாமல் மறுபடி எடுங்கள்.

முடி மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க

பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று பத்தாயிரம் மைக்ரோகிராம் வரை விற்கிறார்கள். பல லேப் கருவிகளின் வேதியலை அது ஏமாற்றிவிடும்: தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச் குறைந்து காட்டும், டெஸ்டோஸ்டிரோன் கூடிக் காட்டும். மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள், அல்லது போடுகிறேன் என்று லேபில் சொல்லுங்கள்.

பெண்களுக்கு: எண்ணைவிடக் கதை

ஆண்களுக்கு ஒரு எண் நிறையச் சொல்லும். பெண்களுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "பெண்கள் ஹார்மோன் பேக்கேஜ்" என்று இருபது பெயர் அச்சடித்த அட்டை எங்கள் தொழிலில் எல்லா இடத்திலும் தொங்குகிறது. அதில் டெஸ்டோஸ்டிரோனும் இருக்கும். பெண்ணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகவும் கொஞ்சம். சாதாரணக் கருவிகள் அந்த அளவைச் சரியாக அளப்பதே இல்லை. அளந்தாலும், இந்த அளவுக்குக் கீழே போனால் ஆசை போய்விடும் என்று ஒரு கோடு இல்லை. பல நாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி 2019-ல் வெளியிட்ட பொது அறிக்கையே, பெண்ணின் ஆசைக் குறைவை ரத்த அளவை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

ஆகவே பெண் வந்தால் நான் கேள்விதான் கேட்பேன். கூட வந்த வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னால், "சார், ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க, பேர் கூப்பிடறேன்" என்று அனுப்பிவிடுவேன். அவர் தெருவைத் தாண்டிய பிறகுதான் உண்மை வெளியே வரும். டாக்டரிடம் போகும்போது நீங்களும் இதே கேள்விகளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் பதில் எழுதி எடுத்துப் போங்கள்.

குழந்தை பிறந்து எவ்வளவு காலம், தாய்ப்பால் கொடுக்கிறீர்களா? கொடுக்கும் காலத்தில் ப்ரோலாக்டின் ஏறியும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கியும் இருப்பது இயற்கை. ஆசை இருக்காது, கீழே வறண்டு வலிக்கும், தூக்கமும் கிடையாது. இதற்கு டெஸ்ட் வேண்டாம், குற்ற உணர்வும் வேண்டாம். ஆனால் பிரசவத்துக்குப் பின் ஒரு வருஷத்துக்குள் அளவுக்கு மீறிய அசதி, படபடப்பு, முடி கொத்துக் கொத்தாக உதிர்வது இருந்தால் டிஎஸ்ஹெச் எடுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி என்று ஒன்று இருக்கிறது, அதை "பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று மாமியார்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

கருத்தடை மாத்திரை போடுகிறீர்களா? அது எஸ்ஹெச்பிஜி-யை ஏற்றும், சுதந்திரமாக உலவும் டெஸ்டோஸ்டிரோன் குறையும். எல்லோருக்கும் ஆசை குறைவதில்லை, சிலருக்குக் குறைகிறது. மாத்திரை தொடங்கிய மாதமும் ஆசை போன மாதமும் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மாத்திரை போட்டுக்கொண்டே எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) எடுப்பது வீண் செலவு. அந்த எண்களில் பேசுவது மாத்திரைதான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களா, சினைப்பையும் சேர்த்தா? நம் ஊரில் முப்பத்தெட்டு, நாற்பது வயதிலேயே ஆபரேஷன் முடித்தவர்கள் ஏராளம். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்பார்கள்; சினைப்பை என்ன ஆனது என்று பலருக்குத் தெரியாது. இரண்டு சினைப்பையும் போயிருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு டெஸ்டோஸ்டிரோனும் ஒரே நாளில் சரிந்துவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். பீரோவில் நகைச் சீட்டோடு இருக்கும்.

மாதவிடாய் நிற்கும் வயதா? இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47-லேயே நின்றுவிடுகிறது. 45 வயதுக்கு மேல், மாதவிடாய் தாறுமாறாகி, உடம்பில் திடீர் அனல் அடித்து, இரவில் வியர்த்தால் அதைச் சொல்ல எஃப்எஸ்ஹெச் பரிசோதனை தேவையில்லை. நாற்பதுக்குள் நின்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். அது எலும்பையும் இதயத்தையும் சேர்த்துப் பாதிக்கும். வறட்சிக்கு மகளிர் மருத்துவர் எழுதும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு ராத்திரியில் உள்ளே வைப்பது, நன்றாக வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆணுறை போடுகிறவர்கள் அதைச் செய்யாதீர்கள், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

இந்தக் கேள்விகளுக்கு அப்புறம் எடுக்க வேண்டிய ரத்தம் சுருக்கம். ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், டிஎஸ்ஹெச், சர்க்கரை. மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் ப்ரோலாக்டினும் சேர்த்து. ரத்த சோகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் அதில் இருக்கிறார்கள். ஹீமோகுளோபின் எட்டை வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறி, தண்ணீர் பிடித்து, ஆள் படுக்கையில் விழும்போது ஆசை எங்கிருந்து வரும்? தைராய்டு குறைவும் இதே மாதிரி ஆளைச் சுருட்டிப் போடும். அது முற்றினால் ப்ரோலாக்டினையும் சேர்த்து ஏற்றும். அப்படிப்பட்டவருக்குத் தைராக்ஸின் கொடுத்தாலே இரண்டும் சரியாகும்.

எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ரடயால் டாக்டர் எழுதினால் மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வாருங்கள். எந்த நாள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நாள் தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்கள், "ஆண் ஹார்மோன் அதிகம்னு சொன்னாங்க, அப்ப ஆசையும் அதிகமா இருக்கணுமில்ல?" என்று கேட்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முகத்தில் முடியும் எடை கூடுதலும் கொடுக்கும் கூச்சம் ஆசையை அமுக்கிவிடுவதுதான் அதிகம்.

ஊசி, ஜெல், லேகியம்

ஜிம்முக்குப் போகும் பையன்களிடம் நேராகச் சொல்கிறேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் பிட்யூட்டரி மேஸ்திரி வேலையை நிறுத்திவிடுவார். விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம், விதை சுருங்கலாம். நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் ஆசை பாதாளத்தில் இருக்கும். குழந்தைக்கு முயற்சி செய்கிற எவரும் இதைத் தொடக் கூடாது. குறைவு உண்மையாகவே இருந்தாலும் டாக்டரிடம் வேறு வழி உண்டு.

உண்மையான குறைவுக்கு டாக்டர் கொடுக்கும் ஊசி வேறு விஷயம். அது உதவும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. 65 வயதுக்கு மேல், அளவு குறைந்தவர்களுக்கு ஜெல் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், 2016-ல் வெளியானது, ஆசை மிதமாகத்தான் கூடியது. மாரடைப்பு கூடுகிறதா என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள்; மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் கொஞ்சம் கூடின. ஊசி போடுகிறவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹீமடோகிரிட் பார்க்க வேண்டும். 54-ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ-வும் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கென்றே டெஸ்டோஸ்டிரோன் கிரீம் ஒன்றை ஆஸ்திரேலியா 2020-ல் அனுமதித்தது, மாதவிடாய் நின்றவர்களுக்கு. நம் ஊரில் ஆண்களின் ஜெல்லைக் கிள்ளித் தடவிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் முகத்தில் முடி முளைக்கும், குரல் தடிக்கும். தடித்த குரல் திரும்பாது.

லேகியம் விற்கிறவர்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுவரொட்டி, லாட்ஜ் அறை, "மாதம் ஒருமுறை விஜயம்" எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். ஆண்மை பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதில் சிலவற்றில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் கலந்திருக்கும், அதனால்தான் "உடனே பலன்". நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

டாக்டர், அப்புறம் செல்போன் எண்

முதலில் உங்கள் பொது மருத்துவர் போதும். இரண்டு முறை டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ப்ரோலாக்டின் விடாமல் கூடுதல், நாற்பதுக்குள் மாதவிடாய் நின்றது, இந்த மூன்றுக்கும் நாளமில்லாச் சுரப்பி நிபுணர். வேலூர் சிஎம்சி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளில் தனித் துறையே இருக்கிறது. போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், ரத்தம் எடுத்த நேரம் தெரிகிற மாதிரி, எடுத்துப் போங்கள். எல்லா எண்ணும் சரியாக இருந்து ஆசை மட்டும் இல்லை என்றால் அது நல்ல செய்திதான். கடன், சண்டை, மனச்சோர்வு, நடு அறையில் எல்லோரும் படுக்கிற வீடு, இதையெல்லாம் அளக்க என்னிடம் கருவி இல்லை, மனநல மருத்துவரிடம் பேசலாம். தைராய்டு மாத்திரை தொடங்கினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச், அதற்கு முன் எடுத்துப் பயனில்லை.

லேபில் பெயர் பதியும்போது யாருடைய செல்போன் எண் கொடுக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழக்கப்பட்ட எண் என்று மகனுடையதையோ மைத்துனருடையதையோ வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள், சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் அங்கேதான் போய் நிற்கும். "ரிப்போர்ட்டை நேர்ல வந்து வாங்கிக்கறேன், அனுப்ப வேண்டாம்" என்று சொன்னால் எந்த லேபும் மறுக்காது.